ஒரே உலையில் இரண்டு அரிசி

பழைய அரிசியையும் புது அரிசியையும் கலந்து ஒரே உலையில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புது அரிசி குழைந்து கூழாகும். பழைய அரிசி நறுக்கென்று நிற்கும். அரிசியின் மேல் குற்றமில்லை. தனித்தனியாக வடித்தால் இரண்டுமே மல்லிகைப் பூப்போலத்தான் வரும். வேகும் நேரம் வேறு வேறாக இருப்பதுதான் வம்பு.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய மெமரியோடு புது மெமரியைச் சேர்க்கும்போதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாதம் குழைந்தால் கண்ணுக்குத் தெரியும். மெமரி பொருந்தாமல் போனால், பல சமயம் ஒன்றுமே தெரியாது. மாசக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். பிறகு ஒருநாள் பெண்ணின் கல்யாணப் போட்டோவைத் திறந்தால், பாதிப் படம் சாம்பல் பூத்து நிற்கும்!

நான்கைந்து வருஷங்களுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் இன்று நத்தையாக ஊர்கிறது. குழந்தைக்குப் பள்ளிக்கூட வேலை, உங்களுக்கு வரவு செலவுக் கணக்கு, இருவரில் ஒருவருக்கு வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை. "இன்னும் இரண்டு ரேம் போட்டால் பறக்கும், அம்மா!" என்கிறார் கடைக்காரர். பழையதை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்கலாம் என்றாலோ, 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதக் கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரிச் சில்லுகளை வாரி விழுங்கத் தொடங்கியதே முக்கியக் காரணம். ஆகவே, "இருப்பதை வைத்துக்கொண்டு கொஞ்சம் கூட்டிக் கொள்ளலாமே!" என்ற எண்ணம், செட்டாகக் குடித்தனம் நடத்தும் எவருக்கும் வருவது நியாயந்தான்.

கூட்டலாம். தாராளமாகக் கூட்டலாம். ஆனால் எது பொருந்தும், எது பொருந்தாது, பொருந்திவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு கூட்ட வேண்டும்.

மேடையும் உக்கிராண அறையும்

கம்ப்யூட்டரில் இரண்டு விதமான இடங்கள் உண்டு. ஒன்று டிஸ்க். அது உக்கிராண அறை. மின்சாரம் போனாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். மற்றொன்று மெமரி என்கிற ரேம். அது சமையல் மேடை. இப்போது நறுக்குகிற காய், இப்போது அரைக்கிற சாமான் மட்டும் அதன்மேல் இருக்கும். மின்சாரம் நின்றால் மேடை துடைத்தாற்போல் காலி!

மேடை சின்னதாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒன்றை எடுக்கும்போதெல்லாம் மற்றொன்றை உக்கிராண அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும். கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. டிஸ்க்குக்கும் மெமரிக்கும் இடையே நடையாய் நடக்கிறது. அதுதான் நீங்கள் காணும் நத்தை வேகம்.

ஆனால் எல்லா மந்தத்துக்கும் மேடைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்', பிறகு 'மெமரி' என்ற இடத்தைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகள் எல்லாம் திறந்திருக்கும்போது மெமரி முக்கால்வாசிக்கும் மேல் நிரம்பி வழிகிறதா? அப்படியானால் கூட்டலாம். பாதிகூட நிரம்பவில்லையா? பணத்தை முடிந்து வையுங்கள். பழைய சுழல் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவதுதான் அந்தக் கம்ப்யூட்டருக்கு மருந்தாக இருக்கக்கூடும். எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது, இப்போது என்ன வேகம் என்பதையும் அதே பக்கம் சொல்லிவிடும். ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டைக் குடங்கள்

ரேமுக்குள் என்னதான் இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் குடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் துளி மின்சாரம் இருந்தால் 'ஒன்று', இல்லாவிட்டால் 'பூஜ்யம்'. வேடிக்கை என்னவென்றால், இவை அத்தனையும் ஓட்டைக் குடங்கள்! விட்டால் ஒழுகிக் காலியாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் வினாடிக்குச் சுமார் 15 தடவை பார்த்து, மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு டிரான்ஸிஸ்டரும் ஒரு குட்டிக் குடமும் மட்டும் போதும் என்ற இந்த எளிய அமைப்பைக் கண்டவர் ராபர்ட் டென்னார்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த அவருக்கு 1968ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லில் இருந்தவை 1,024 குடங்கள். இன்று 24 ஜி.பி. மெமரியில் இருப்பவை இருபதாயிரத்து அறுநூறு கோடிக்கும் மேல்!

இத்தனை குடங்களுக்கும் தண்ணீர் ஊற்றுவது, எடுப்பது, அடுத்ததற்குப் போவது எல்லாவற்றுக்கும் கணக்கான நேரம் உண்டு. '2400' என்று விற்கப்படும் மெமரியில் ஒரு சமிக்ஞைக்குக் கிடைக்கும் அவகாசம், ஒரு வினாடியை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கில் பாதிக்கும் குறைவு. அதற்குள் ஒளிகூடச் சுமார் 12 சென்டிமீட்டர் தூரந்தான் போக முடியும். இப்படிப்பட்ட அவசரத்தில் வேலை செய்யும் இரண்டு வேறு சரக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

ஜாதகம் பார்க்காமல் சேர்க்காதீர்கள்

ஒவ்வொரு ரேமிலும் ஓரத்தில் ஒரு சின்னஞ்சிறு சில்லு உண்டு. அதுதான் அதன் ஜாதகம். 'நான் இன்ன ஜாதி, இன்ன அளவு, இன்ன வேகத்தில் இன்ன நேரக் கணக்கில் ஓடுவேன்' என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரை முடுக்கியதும் மதர்போர்டு முதலில் இந்த ஜாதகங்களைத்தான் படிக்கிறது.

சில பொருத்தங்கள் இருந்தே தீர வேண்டும்.

முதலாவது, தலைமுறை. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று வரிசையாக வந்திருக்கின்றன. டி.டி.ஆர். 4க்கான விதிகள் 2012இலும், டி.டி.ஆர். 5க்கான விதிகள் 2020இலும் வெளியாயின. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் டி.டி.ஆர். 5 புகுந்தது 2021இன் கடைசியில்தான். ஒரு தலைமுறை மற்றொன்றின் ஸ்லாட்டில் ஏறாது. டி.டி.ஆர். 4, 5 இரண்டுக்கும் மேஜைக் கம்ப்யூட்டரில் 288 கால்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். 'கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்' என்று பலப்பரீட்சை செய்தால் ஸ்லாட்தான் உடையும்.

இரண்டாவது, உருவம். லேப்டாப் ரேம் குட்டை. மேஜைக் கம்ப்யூட்டர் ரேம் நீளம். ஒன்று மற்றொன்றுக்கு ஆகாது.

மூன்றாவது, வீடா சர்வரா என்பது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம் சல்லிசாகக் கிடைப்பதுண்டு. டி.டி.ஆர். 4 வகையில் அது உங்கள் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஆனால் 'ரெஜிஸ்டர்டு' என்ற அந்த ரகம் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை செய்யாது. வாங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

இவை மூன்றும் பொருந்திவிட்டால் மற்றவற்றில் வித்தியாசம் இருக்கலாம். கொள்ளளவு, வேகம், கம்பெனி, நிறம் எல்லாம் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். இந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இரண்டு தம்பதிகள், ஒரே வீடு

கடையில் ஒரே பெட்டியில் இரண்டு ரேம் ஜோடியாக வருகின்றனவே, அதற்குத்தான் 'கிட்' என்று பெயர். அவை மணமான தம்பதிகள் போல. சேர்த்து ஓட்டிப் பார்த்துச் சோதித்த பிறகே ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ஏற்கனவே ஒரு தம்பதி குடியிருக்கும் வீட்டில் இன்னொரு தம்பதியைக் குடியேற்றுவதுதான் நாம் செய்யப்போகும் காரியம். அந்தத் தம்பதி தமக்குள் ஒற்றுமை. இந்தத் தம்பதியும் தமக்குள் ஒற்றுமை. ஆனால் நான்கு பேரும் ஒரே கூடத்தில் எப்படி இருப்பார்கள் என்று எந்தக் கம்பெனியும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டியவர் நீங்கள்தான்!

'அதே கம்பெனி, அதே மாடல் வாங்கினால் கவலையில்லையே?' என்பீர்கள். நல்ல யோசனை, ஆனால் முழு உத்தரவாதம் அல்ல. அட்டைப் பெட்டியும் பெயரும் ஒன்றாக இருந்தாலும், உள்ளே வைக்கும் சில்லுகள் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். சென்ற வருஷம் ஒரு தொழிற்சாலைச் சில்லு. இந்த வருஷம் வேறொரு தொழிற்சாலைச் சில்லு.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்களிடம் 4 ஜி.பி. ரேம் இரண்டு இருக்கின்றன, வேகம் 2400. இப்போது 8 ஜி.பி. ரேம் இரண்டு வாங்குகிறீர்கள், வேகம் 3200. மொத்தம் 24 ஜி.பி. என்ன வேகத்தில் ஓடும்? 3200 என்று ஆசைப்படாதீர்கள். பாட்டியை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் குடும்பம் பாட்டியின் நடைக்குத்தானே நடக்கும்? நான்கும் 2400இல்தான் ஓடும்.

இதற்கும் மேல் ஒரு வேடிக்கை உண்டு. '3200' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சில ரேம்களின் இயல்பான வேகம் 2133 மட்டுமே. 'எக்ஸ்.எம்.பி.' என்ற தனி ஏற்பாட்டைப் போட்டு, 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கொடுத்தால்தான் 3200 வரும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், புதிதாக வந்தவர் பழையவரையும் 2133க்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்! டி.டி.ஆர். 4இல் எல்லா ஸ்லாட்டுக்கும் ஒரே வோல்ட்தான். ஆகவே, கலப்புக் குடும்பத்தில் எக்ஸ்.எம்.பி.யைத் தொடாமல் விடுவதே நிம்மதி.

வேகம் குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். மேடை போதாமல் உக்கிராண அறைக்கு ஓடுவதால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால், 3200க்கும் 2400க்கும் உள்ள வித்தியாசம் கணக்கெழுதவும் பாடம் படிக்கவும் அவ்வளவாகத் தெரியாது. வீட்டு வேலைக்கு அளவு முக்கியம்; வேகம் அப்புறந்தான்.

யாரை எங்கே உட்கார வைப்பது?

நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு 'சானல்' இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லாட். இரண்டு சானலிலும் சம அளவு மெமரி இருந்தால் இரண்டு கையாலும் வேலை நடக்கும்.

நம் உதாரணத்தில் ஒவ்வொரு சானலிலும் ஒரு 4, ஒரு 8 என்று வைத்தால் இரு பக்கமும் 12. நேர்த்தி! தவறி இரண்டு 4ஐயும் ஒரு பக்கம், இரண்டு 8ஐயும் மறுபக்கம் வைத்தால், 8க்கு 16 ஆகும். அப்போது மீதமுள்ள 8 ஜி.பி. ஒற்றைக் கையால்தான் வேலை செய்யும். பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரே நிறமுள்ள இரண்டு ஸ்லாட் ஒரு ஜோடிக்கு உரியவை. ஆனாலும் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுவது உத்தமம்.

லேப்டாப்பில் ஒரு ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்து, ஒரே ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால், கலப்பதைத் தவிர வேறு வழியில்லை. பற்றவைத்தது எவ்வளவோ அதே அளவாகப் பார்த்து வாங்கினால் சௌகரியம்.

டி.டி.ஆர். 5 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கே நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவதே பாரம். உதாரணமாக, ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைக்கு, இரண்டு ரேம் இருந்தால் 5200 என்றும், நான்கு இருந்தால் 3600 என்றும் அந்தக் கம்பெனியே வரம்பு வகுத்திருக்கிறது. ஆகவே டி.டி.ஆர். 5 வீட்டில் இரண்டாவது ஜோடியைக் குடியேற்றுவதைவிட, பழையதை விற்றுவிட்டுப் பெரிய ஜோடி ஒன்றை வாங்குவதே மேல்.

கை வைக்கும் முன்

'இதெல்லாம் ஆண்பிள்ளைகள் காரியம்' என்று ஒதுங்காதீர்கள். தையல் மெஷினில் ஊசி மாற்றத் தெரிந்தவருக்கு ரேம் மாற்றுவது பெரிய வித்தையல்ல.

முதல் வேலை, போட்டோக்களையும் கணக்குகளையும் ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவது. பழைய மெமரியே நல்லபடி வேலை செய்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வளையல்களைக் கழற்றி வையுங்கள். நைலான் சேலை வேண்டாம், பருத்தி நல்லது. பெட்டியின் உலோகப் பாகத்தை ஒரு தடவை தொட்டால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போய்விடும். ரேமை ஓரங்களில் பிடியுங்கள். தங்கநிறக் கால்களில் விரல் படக் கூடாது. வெட்டுப் பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனையிலும் சமமாக அழுத்தினால் 'டிக்' என்ற சப்தத்தோடு உட்காரும்.

முதல் தடவை முடுக்கும்போது திரை சற்று நேரம் இருட்டாகவே இருக்கலாம். புதிய குடும்பத்தின் நேரக் கணக்கை மதர்போர்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். டி.டி.ஆர். 5இல் இதற்குச் சில நிமிஷங்கள்கூட ஆகும். பதறிப்போய் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

ஓர் இரவுப் பரீட்சை

திரை வந்துவிட்டது. 24 ஜி.பி. என்றும் காட்டுகிறது. 'பார்த்தீர்களா, அம்மா, பிரமாதமாக ஓடுகிறது!' என்பார் கடைக்காரப் பையன். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் திரை வந்ததனால் மெமரி சரி என்று ஆகிவிடாது.

இருபதாயிரத்துச் சொச்சம் கோடிக் குடங்களில் ஒன்றே ஒன்று சில சமயம் மட்டும் தப்புச் சொன்னால் போதும். கம்ப்யூட்டர் 1,000 என்ற எண்ணை ஒன்றும் பூஜ்யமுமாக எழுதி வைத்திருக்கிறது. அதில் பதின்மூன்றாவது இடத்திலுள்ள பூஜ்யம் ஒன்றாக மாறினால், அதே எண் 5,096 ஆகிவிடும்! மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. தப்பான எண்ணையே டிஸ்க்கில் பத்திரமாக எழுதி வைக்கும். நீங்கள் அடுத்த வாரம் எடுக்கும் நகலிலும் அந்தத் தப்பே ஏறும். இத்தகைய பிழையைக் கண்டு திருத்தும் மெமரி பெரிய சர்வர்களில் இருக்கிறது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அநேகமாக இருப்பதில்லை.

ஆகவே பரீட்சை அவசியம். 'மெம்டெஸ்ட்86' என்ற இலவச புரோகிராம் இதற்கென்றே இருக்கிறது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை முடுக்க வேண்டும். ஒவ்வொரு குடத்திலும் எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று அது பார்க்கும். ராத்திரி சமையற்கட்டை மூடும்போது ஆரம்பித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பிழைகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். 'ஒன்றுதானே' என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. பாலில் விழுந்த பல்லி ஒன்றா இரண்டா என்று யாராவது எண்ணுவார்களா?

பிழை வந்தால் மனம் தளர வேண்டாம். எக்ஸ்.எம்.பி. போட்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் பிழையென்றால் பழைய ஜோடியைத் தனியாக, புது ஜோடியைத் தனியாகச் சோதியுங்கள். ஒரு ஜோடியில் மட்டும் பிழை வந்தால் அதுதான் குற்றவாளி. இரண்டும் தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் தவறினால், இரண்டிலும் குற்றமில்லை. கூட்டுக் குடித்தனந்தான் ஒத்துவரவில்லை. 'பயாஸ்' அமைப்பில் வேகத்தை ஒரு படி, அதாவது 2400இலிருந்து 2133க்குக் குறைத்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சண்டை தீர்ந்துவிடும். தீராவிட்டால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். பெரிய ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு 16 ஜி.பி.யோடு நிம்மதியாக இருக்கலாம். தப்பான 24ஐவிட உண்மையான 16 எவ்வளவோ மேல்.

ஆகையால் கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பழைய ரேமோடு ஒத்துப் போகாவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?" 'ஆகட்டும்' என்று பில்லிலேயே எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஓர் இரவைப் பரீட்சைக்கு ஒதுக்கிவிடுங்கள். பீரோவில் வைத்த நகல் டிஸ்க்கை அதற்கு முன்னால் வெளியே எடுக்க வேண்டாம்.